நீல ரெயின்கோட்டுப் பேய்

ராஜகிரி மலை உச்சி மேகத்துக்குள் போய்விட்டால் கால் மணி நேரத்தில் எங்கள் தெருவுக்கு மழை வரும். இன்று காலை அது மறைந்ததிலிருந்து எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு இரண்டு வீடு தள்ளியிருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். கேட்டுக்கு உள்பக்கம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் நீல ரெயின்கோட்டோடு அது நின்றுகொண்டிருந்தது. நாலடி உயரம். தலை ஒரு வெள்ளை பிளாஸ்டிக் குடம். கண்ணும் வாயும் கறுப்பு எனாமல் பெயிண்ட். ஐந்து மழைக்காலம் பார்த்துவிட்டது. தோள்பட்டையில் மட்டும் நீலம் வெளுத்திருக்கிறது.

அதைச் செய்தவர் அக்காவின் கணவர். எனக்கு மாமா. கடைத்தெருவில் பெயிண்ட் கடை வைத்திருந்தார். மொட்டை மாடி ஒழுகுகிறது என்று யார் வந்தாலும் விரிசலின் நீள அகலத்தைக் கேட்டு, எதைப் பூச வேண்டும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். அவருக்கு ஒரே மகள். தனக்குப் பிடித்தவரை அவள் கல்யாணம் செய்துகொண்டபோது மாமா போகவில்லை. அதன்பின் ஆறு வருடம் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அமெரிக்காவிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீடியோவில் வருவாள், அக்காவிடம் பேசுவாள். மாமா அடுத்த அறையில் ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பார். ஃபேன் ஓடினால் பேச்சு கேட்காது.

நான் பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பிய வருடம் அது. அக்டோபர் கடைசியில் மகள், மருமகன், ஐந்து வயதுப் பேத்தி மூவரும் பதினோரு நாள் வருவதாக இருந்தது. பேத்திக்கு ஒரு குறை. அவர்கள் தெருவில் அந்த நேரம் வாசலுக்கு வாசல் பேய் பொம்மை வைப்பார்களாம், பிள்ளைகளுக்கு மிட்டாய் கிடைக்குமாம். தாத்தா வீட்டில் பேய் உண்டா என்று திரையில் கேட்டாள். அக்கா ஏதோ ஒரு ஞாபகத்தில் உண்டு என்று சொல்லிவிட்டாள். மறுநாள் காலை மாமா ஒரு கட்டு வைக்கோலோடு வந்து இறங்கினார்.

பழைய சட்டை பேன்ட்டில் வைக்கோலைத் திணித்து முதல் பேயை நிறுத்தினார். பால் ஊற்றும் அம்மா கேட்டுக்கு வெளியே நின்று ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா மொதலாளி, வூடு கட்டி இருவது வருசம் ஆவுது. இப்பதான் திருஷ்டி பொம்ம ஞாபகம் வந்துச்சா?" அன்று பிற்பகல் மழையில் வைக்கோல் ஊறி, பேய் இடுப்போடு மடிந்து கிடந்தது.

அடுத்து தன் தொழிலைக் காட்டினார். அதே பொம்மையைத் தூக்கி நிறுத்தி, கடையிலிருந்து கொண்டுவந்த பாலிதீனால் தலைமுதல் கால்வரை சுற்றினார். ஒவ்வொரு மடிப்பிலும் பசை, அதன்மேல் டேப். ஊசி நுழைய இடமில்லை. இருந்தும் மழை பிடிக்கும்போதெல்லாம் கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு ஓடிவந்து பார்ப்பார். தொட்டுப் பார்ப்பார், திரும்பிப் போவார், பாதி வழியில் மறுபடி வருவார். ஒரு வாரத்தில் பாலிதீனுக்கு உள்ளே வேர்த்துக் கொட்டியிருந்தது. வைக்கோலில் ஒட்டியிருந்த நெல்மணிகள் முளைத்து, பேயின் சட்டைப் பையிலிருந்து பச்சையாகத் தலைநீட்டின. அக்கா சிரித்தாள், நானும் சிரித்தேன். மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்து டேப்பைப் பிய்த்தார். நாற்றம் குப்பென்று வந்தது.

"தண்ணி எப்டியும் உள்ள பூந்துரும் மச்சான்," என்றார். "கீழ வழி வுட்டிருக்கணும். நாந்தான் எல்லாத்தயும் அடைச்சிட்டேன்."

அவர்கள் வர மூன்று நாள் இருந்தது. வைக்கோலை எருக்குழியில் கொட்டினார். இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றின் அடியில் துளைபோடும் மெஷினால் ஆறு ஓட்டை போட்டார். காற்றில் சாயாதபடி உள்ளே ஜல்லி போட்டு, இரும்புக் குழாயில் பொருத்தி, மேலே குடத்தைக் கவிழ்த்தார். பிறகு உள்ளே போய் பரண்மேல் ஏறினார். ஒரு பையோடு இறங்கி வந்தார். அதற்குள் அந்த ரெயின்கோட். மகள் எட்டாவது படிக்கும்போது வாங்கியது. மடிப்பில் பவுடர் போட்டு வைத்திருந்தார். அது அந்த வீட்டில் இருப்பது அக்காவுக்கே தெரியாது.

இடையில் அமாவாசை வந்தது. மேல்மலையனூர் அம்மன் கோயில் பஸ்ஸுக்குப் போன கூட்டத்தில் யாரோ கேட்டுக்குள் கைவிட்டு, குடத்தின் நெற்றியில் குங்குமம் வைத்து, காலடியில் ஓர் எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டுப் போனார்கள். எடுக்க அக்காவுக்குப் பயம். மழை குங்குமத்தைக் கரைத்துக் கன்னம் வழியாக இறக்கியது. இதற்கு முந்தைய பேய்கள் எதுவும் இந்த அளவு பேயாக இல்லை.

சென்னையிலிருந்து கார் வந்தபோது மணி மூன்று, நல்ல மழை. மாமா வாசலுக்கும் கூடத்துக்குமாக எத்தனை தடவை நடந்தார் என்று எண்ணி எனக்கே அலுத்துவிட்டது. முதலில் இறங்கிய பேத்தி நேராகப் பேயிடம் ஓடி, எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். பின்னால் இறங்கிய மகள் குழந்தையைத் தூக்கப் போனவள், குனிந்த நிலையில் நின்றுவிட்டாள். ரெயின்கோட்டின் கை ஓரத்தில் அவள் பெயரின் முதல் எழுத்து நூலால் தைக்கப்பட்டிருந்தது. விரலால் அதைத் தடவினாள். மருமகன் குடை பிடிக்க வந்தார். அவள் நகரவில்லை.

"நைனா, இது என்னுதுதான?"

ஆறு வருடம். மாமா தலையில் ஒன்றும் போடாமல் மழையில் இறங்கினார். அவளைப் பார்க்கவில்லை, பொம்மையின் காலைப் பார்த்தார்.

"அடில ஓட்ட போட்டிருக்கேன்மா," என்றார். "தண்ணி நிக்காது."

அவள் அங்கேயே உட்கார்ந்தாள். ஆறு ஓட்டைகளையும் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு, சரிதான் நைனா, என்றாள். நான் பார்த்தவரை அதைப் பற்றி அவர்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் முதலில் நைனாவைக் கூப்பிடச் சொல்வாள். பேய் எப்படி இருக்கிறது என்று கேட்பாள். அவர் எவ்வளவு மழை, எந்தப் பக்கக் காற்று என்று அரைமணி நேரம் சொல்வார். ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்.

மாமா போய் ஒன்றரை வருடம் ஆகிறது. திருஷ்டிக்கு வைத்ததைக் கையால் எடுக்கக் கூடாது, தானாக விழ வேண்டும் என்று அக்கா சொல்கிறாள். அது விழுவதாகத் தெரியவில்லை.

இன்று ஞாயிறு. மாமா மகளின் கேள்வி இப்போது எனக்கு வருகிறது. மழை வலுத்ததும் குனிந்து பார்த்தேன். வேப்பிலைச் சருகு அடைத்து, ஒரு ஓட்டையிலும் சொட்டு இல்லை. கேனைத் தட்டினால் கனத்த சத்தம். துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி ஒவ்வொன்றாகக் குத்தினேன். ஐந்தாவதில் பழுப்புத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து என் வேட்டியை நனைத்தது. ஓடி முடிக்கும்வரை குடையோடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே போன் அடித்தது.