பொட்டு வைக்கும் விளையாட்டு

சிதம்பரத்தில் பெண்களுக்கான ஒரு முதியோர் இல்லத்தில் விளையாட்டு நடத்தப் போயிருந்தேன். கண்ணைக் கட்டிக்கொண்டு சுவரிலுள்ள படத்துக்குப் பொட்டு வைக்க வேண்டும். முதலில் வந்த கமலாம்மா தடுமாறி, தோழி ராஜத்தம்மாவின் வெறும் நெற்றியில் ஒட்டிவிட்டார்.

சிரிப்பு சட்டென்று நின்றது. அங்கே எல்லோருமே கணவரை இழந்தவர்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மன்னிச்சுக்குங்கம்மா, எடுத்துடுறேன்" என்றேன்.

ராஜத்தம்மா என் கையைத் தட்டிவிட்டார்.

"நீ சும்மா இருப்பா. அடியே கமலா, கட்ட அவுத்துட்டுப் பாரு, கோணலா வச்சிருக்க. சரியா வை!"



எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். இருந்தும், அப்பா போனபின் பொட்டில்லாமல் இருக்கும் என் அம்மாவிடம், "வச்சுக்க ஆசையா இருக்காம்மா?" என்று ஒருநாளும் கேட்டதில்லை.