சூப்பர்வைசர் வீட்டுச் சுவர்

துபாய் கம்பெனி கொடுக்காத பதவி உயர்வை என் மாமாவுக்கு என் அம்மா கொடுத்தாள். அங்கே கட்டடங்களுக்குச் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தவரை, குருவிநத்தத்தில் எங்கள் வாசலில் நின்றபடியே சூப்பர்வைசர் ஆக்கினாள். காரணம் இல்லாமல் இல்லை. பூச்சு வேலை என்று காதில் விழுந்ததும் பெண் வீட்டார் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். மாமா அம்மாவின் ஒரே தம்பி. இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்; அவருக்கும் வீடு என்றால் எங்கள் வீடுதான். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய் என்கிறார்கள், தான் ஒன்றுதானே சொன்னோம் என்பது அவள் கட்சி. மாமா வாய் திறக்கவில்லை. அக்காவை எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமே கிடையாது.

காட்டேரிக்குப்பத்திலிருந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வரப்போகிறார்கள் என்று முடிவானபோது மாமா விடுமுறைக்கு வந்திருந்தார். எல்லோருக்கும் சோப்பும் சென்ட்டும் போர்வையும் கொண்டுவந்தவர், மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு பாஷையைக் கொண்டுவந்தார். அங்கே அவருடன் ஒரே அறையில் தங்கி, ஒரே சாரத்தில் நின்று வேலை செய்தவர்கள் பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு தீவுக்காரர்கள். அவர்கள் பேசுவது செபுவானோ. அதில் வேலைக்காரர்களுக்குப் பெயர் வைப்பது மிகச் சுலபம் என்றார் மாமா. வேலையின் பெயருக்கு முன்னால் ‘திக்’ போட்டால் போதும், அதைச் செய்கிற ஆள் வந்து நிற்பான். லூத்தோ என்றால் சமையல், திக்லூத்தோ சமைக்கிறவர். லாபா துணி துவைப்பது, திக்லாபா துவைக்கிறவர்.

“பால்காரரு, பூக்காரருன்னு நம்ம வால்ல கட்டுறத அவங்க தலையில கட்டுறாங்க, அவ்ளோதான்” என்றார்.

பலிதாடா என்றால் சுவர்ப் பூச்சு. திக்பலிதாடா என்றால் மாமா. கூட இருந்தவர்கள் அவரைப் பெயர் சொல்லாமல் அப்படியே கூப்பிடுவார்களாம். நான் வீட்டில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. அம்மாவை திக்லூத்தோ ஆக்கினேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதைத் தவிர வேறெதிலும் தலையிடாத அப்பாவுக்கு என்ன பெயர் என்று கேட்டதற்கு, அந்தத் தீவில் அதற்கு ஆள் வைப்பதில்லை என்று மாமா சொல்லிவிட்டார்.

இதற்கிடையில் அம்மாவுக்கு வேறொரு கவலை வந்தது. எங்கள் வீடு கட்டிப் பல ஆண்டுகள் ஆகியும் முன்பக்கச் சுவர் செங்கல்லாகவே நின்றது. மாமா சந்தோஷமாகத் தன் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிவைத்திருந்த பூச்சுக் கரணையை எடுத்தார். அம்மா அதைப் பிடுங்கி அரிசிக் குண்டானுக்குப் பின்னால் வைத்தாள்.

“சூப்பர்வைசரு கரணை புடிச்சா ஊரு இன்னாடா சொல்லும்?”

ஆகவே, பூச்சு வேலை தெரிந்தவர் குடியிருக்கும் வீட்டுக்குப் பூச வெளியாள் வந்தார். பக்கத்துத் தெருக் கொத்தனார். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். செங்கல்லை நனைக்காமலே கலவையை வாரி அப்பினார். மாமா இஸ்திரி போட்ட சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக வெயிலில் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். அந்தக் கைகளைப் பின்பக்கமிருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். விரல்கள் சும்மாவே இல்லை, காற்றில் எதையோ இழுத்து மட்டப்படுத்திக்கொண்டிருந்தன. கொத்தனார் வேறு, “உங்களுக்கு எதுக்கு சார் இந்தத் தூசி, நெழலுக்குப் போங்க” என்று கரிசனமாகச் சொன்னார். அவர் சாப்பிடப் போன நேரத்தில் மாமா முருங்கைக்குத் தண்ணீர் விடுகிறேன் பேர்வழி என்று குழாயை எடுத்துவந்து, இன்னும் பூசாத செங்கல்லையெல்லாம் அவசர அவசரமாக நனைத்தார். அம்மா ஜன்னலில் தலையை நீட்டியதும் குழாய் மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். பெண்ணின் அப்பா கரும்பு பயிர் வைக்கிறவர், அதிகம் பேசாதவர். கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, பெரியவர்களிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்து, கடைசியில் என்னைப் பக்கத்தில் அழைத்தார். எந்தக் கிளாஸ் என்றார், வாய்ப்பாடு வருமா என்றார். பிறகு மெதுவாக, “உங்க மாமா அங்க இன்னா வேல செய்யறாரு, உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியும். திக்பலிதாடா.”

அம்மா நொடியில் சமாளித்தாள். அந்த ஊர்ப் பாஷையில் சூப்பர்வைசரை அப்படித்தான் சொல்வார்கள் என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் கஷ்டப்பட்டுக் கற்ற ஒன்றை, ஓர் எழுத்தும் தெரியாத ஒருத்தி சபையில் வைத்துத் தப்பாகச் சொல்வதா? எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, பள்ளியில் திருக்குறள் ஒப்பிப்பதைப்போல முழுப் பாடத்தையும் ஒப்பித்தேன். லூத்தோ, திக்லூத்தோ. லாபா, திக்லாபா. பலிதாடா என்றால் செவுத்துக்குப் பூசுறது. திக்பலிதாடா என்றால் பூசுறவரு. எங்கும் தடுக்கவில்லை. முடித்துவிட்டு, யாராவது கை தட்டுவார்கள் என்று சுற்றிலும் பார்த்தேன்.

பெண்ணின் அப்பா எழுந்து வெளியே போனார். எல்லோரும் பின்னால் போனோம். முன்சுவரில் அதற்குள் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு விட்டிருந்தது. விரலை மடக்கி ஓரிடத்தில் தட்டினார். பூச்சு செங்கல்லில் ஒட்டாமல் உள்ளே பொள்ளலாகச் சத்தம் கேட்டது.

“இது நீங்க பூசுனதா தம்பி?”

மாமா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். “இல்லீங்க. நான் பூசியிருந்தா இப்பிடி வெடிக்காது” என்றார்.

வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்லி அனுப்புவதாகக் கூறி அவர்கள் கிளம்பினார்கள். அதற்கு என்ன பொருள் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வேன் தெருமுனை திரும்பியதும் அம்மா ஒப்பாரியே வைத்துவிட்டாள். குடியைக் கெடுத்தவள், கூட இருந்தே குழி பறித்தவள் என்று எனக்கு விழுந்த பட்டங்கள் கொஞ்சமல்ல. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு தப்பும் இல்லாமல்தானே சொன்னேன் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். மாமா என்னைச் சைக்கிளில் பாகூருக்கு அழைத்துப்போய், கேட்காமலே கப் ஐஸ் வாங்கித் தந்தார்.

மறுநாள் காலை அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தெருவே பார்க்க, அந்தப் பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்தார். செங்கல்லை நன்றாக ஊற நனைத்தார். பிறகு கரணையை எடுத்தார். அம்மா உள்ளேயே இருந்துகொண்டாள். மாமா வேலை செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மட்டப்பலகை சுவரில் ஏறி இறங்கிய அழகைப் பார்க்க வழியில் போனவர்கள் சைக்கிளை நிறுத்தினார்கள். முந்தைய கொத்தனாரும் வந்து நின்று பார்த்தார், பிறகு அவராகவே கலவை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார்.

பூச்சு காய்ந்துகொண்டிருந்த நாட்களில் பெண்ணின் அப்பா தனியாகப் பைக்கில் வந்தார். வீட்டுக்குள் வராமல் நேராகச் சுவரிடம் போய், உள்ளங்கையால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவிப் பார்த்தார். அப்புறம்தான் காபி குடித்தார்.

“எங்க பக்கத்துல வெளிநாடு போனவன் அத்தினி பேரும் சூப்பர்வைசருதாம்மா. அப்ப வேல செய்யறவன் யாருன்னு ரொம்ப நாளா எனக்கு ஒரு சந்தேகம்” என்று அம்மாவிடம் சொன்னார்.

அடுத்த மாதமே நிச்சயம் நடந்தது.

தப்பில்லாமல் ஒப்பித்ததால்தான் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள் என்று நான் வெகுகாலம் பெருமையடித்துக்கொண்டேன். வளர்ந்த பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமையை நிதானமாக நினைத்துப் பார்த்தேன். நான் ஒப்பித்தபோது மாமா அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தார். ஒரு செருமலில் என் வாயை அவர் அடைத்திருக்கலாம். அதற்குப் பதில், நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் அவர் உதடுகளும் கூடவே அசைந்தன. என் உச்சரிப்பைச் சரிபார்க்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன்.