லோர்னாவின் எலுமிச்சையும் ஆரஞ்சு வலையும்

எங்கள் பின்டோ குன்றில் லோர்னா ஹாஸ்கெட் ஓர் அளவு நாடாவை மட்டும் வைத்துக்கொண்டு கலிபோர்னியா அரசாங்கத்தையே ஓட ஓட விரட்டினாள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். தலைநகரிலிருந்து யாரும் வரவில்லை, அதனால் யாரும் ஓடவுமில்லை. வந்தவை ஒன்பது கம்பங்கள்.

லோர்னா பல் மருத்துவமனையில் முப்பத்தோரு வருஷம் பல் சுத்தம் செய்தவள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் வாயைத் திறந்தபடி படுத்துக் கிடந்தவர்கள். அவள் மனுவை நீட்டினால் மறுக்க நா எழாது. மாநிலத்தின் புது வீட்டுச் சட்டத்தை எதிர்த்து அப்படித்தான் ஆயிரம் கையெழுத்துக்கு மேல் சேர்த்தாள். எந்தத் தெருவில் எவ்வளவு கட்டலாம் என்பதை முன்பு நகர மன்றம் அக்கம்பக்கத்தாரைக் கேட்டு முடிவு செய்யும். இப்போது அளவு சரியாக இருந்தால் போதும், யாரையும் கேட்க வேண்டாம்.

லோர்னா வீட்டுக்குப் பக்கத்து மனையை ஆராம் பெட்ரோசியான் வாங்கினார். நான்கு குடித்தனத்துக்கு மாடி வீடு. கட்டுமுன் அதே உயரத்துக்குக் கம்பம் நட்டு, ஆரஞ்சு வலை கட்டிக் காட்டுவது எங்கள் வழக்கம். வலை ஏறிய அன்று மூன்று மணிக்கு அதன் நிழல் லோர்னாவின் எலுமிச்சையில் விழுந்தது. அவளும் கணவர் டேலும் குடிவந்த வாரத்தில் நட்ட மரம். எங்கள் தெருவில் யாரும் கடையில் எலுமிச்சை வாங்கியதே இல்லை.

"வலைக்கே இப்படின்னா சுவர் வந்தா மரம் பட்டுப்போயிடும்" என்றாள்.

நகர அலுவலகத்தில் இருந்த பிரிசில்லா கையை விரித்தாள். "எல்லையிலிருந்து நாலடி விட்டிருந்தா நாங்க தடுக்க முடியாதுங்க."

லோர்னா வேலியிலிருந்து கம்பத்துக்கு நாடா பிடித்தாள். அரை அடி குறைந்தது. அன்று அவள் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே. அதிகாரபூர்வமாக அளந்தாக வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

நில அளவையாளர் வந்து இளஞ்சிவப்பு நாடா கட்டிய முளைகளை அடித்தார். வேலிக்கு ஆராமின் பக்கம் அல்ல, லோர்னாவின் பக்கம், ஐந்தடி உள்ளே. வேலிதான் எல்லை என்று இத்தனை வருஷமும் தெருவே நம்பியிருந்தது. எலுமிச்சை மரம் ஆராமின் மண்ணில் நின்றது.

"நீயே கூப்பிட்டு அளக்க வெச்சே" என்றார் டேல்.

"தெரியும், நீங்க சும்மா இருங்க."

இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஆராம் ஒரு தட்டில் அவர்கள் ஊர் இனிப்பு ரொட்டியோடு வந்து நின்றார்.

"அம்மா சொல்லிட்டாங்க. காய்க்கிற மரத்தை வெட்டினா இந்த வீட்டுல கால் வைக்க மாட்டாங்களாம். வேலி அங்கேயே இருக்கட்டும். மாடியை அந்தப் பக்கமாத் தள்ளி வரைஞ்சிருக்கோம். வெயில் படும். உங்களுக்குச் சம்மதமான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

லோர்னா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னாள்: "இதைத்தானே நான் ரெண்டு வருஷமா கத்தறேன். பக்கத்துல இருக்கறவங்களைக் கேட்டுட்டுக் கட்டுங்கன்னு."

"அதான் கேட்டுட்டேனே. ரொட்டி ஆறுது, சாப்பிடுங்க."

வலை அன்று மாலையே இறங்கியது. அந்த வருஷம் ஒவ்வொரு எலுமிச்சையும் தேங்காய் அளவுக்குக் காய்த்தது. லோர்னாவும் மனுவைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டாள்.

இதை எழுதும்போது என் எதிரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த லோர்னா தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பரணா? வியாழக்கிழமை கூட்டம் இருக்கு, நீயும்தான் வர்றே. எல்லாருக்கும் ஆராம் மாதிரி ஆள் பக்கத்துல வருமா? தேங்காய் இருந்துட்டுப் போகட்டும். ஆனா அரை அடின்னு எழுதியிருக்கே பாரு, அதை அடி. குறைஞ்சது ஒரே ஒரு அங்குலம்."