மரத்தடியில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி

பிள்ளைகளே, அப்பா உங்களைச் சேற்றுக்குள் தள்ளி விழுத்தின சனிக்கிழமையை நீங்கள் இப்போதும் சொல்லிச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அன்று எனக்கு என்ன வந்தது என்று எனக்கே சரியாகத் தெரியாது. தெரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

மூத்தவளே, உனக்கு அப்போது பத்து வயது. சின்னவளுக்கு ஆறு. உன் பள்ளிக்கூடச் சிநேகிதி ஒரு கடுதாசி தந்திருந்தாள். காட்டுக்குள் யாரோ பெட்டியை ஒளித்து வைப்பார்களாம். கடுதாசியில் உள்ள குறிப்பைப் பார்த்து மற்றவர்கள் தேடிப் போவார்களாம். பெட்டிக்குள் ஒரு கொப்பி. அதில் தங்கள் முத்திரையைக் குத்திவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். பரிசு ஒன்றும் இல்லை. "பிறகேன் தேடுகினம்?" என்று கேட்டேன். "ஃபன், அப்பா" என்றாய். அதற்காக ஒரு கிழமையாக அழிறப்பரில் ஆமை முத்திரை ஒன்று செதுக்கினாய்.

அம்மா வரவில்லை. "காட்டுக்கை பெட்டி தேடப் போறியளோ? விசர்தான் உங்களுக்கு" என்றபடி இடியப்பம் கட்டித் தந்தா.

அஜக்ஸ் தாண்டி 401 நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, மண் றோட்டில் காரை விட்டுவிட்டு ஒரு மணித்தியாலம் நடந்தோம். இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டுகள் அடுக்கி வைத்த இடமாம். பாதி மண்ணுக்குள் தாழ்ந்த கொங்கிறீற் அறைகள். ஒன்றின் கூரையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருந்து சான்ட்விச் சாப்பிட்டார், பக்கத்தில் நாய். கையசைத்தார். நானும் அசைத்தேன். உள்ளேயிருந்து, ஊரில் எங்கள் வளவில் வெட்டின பங்கரின் மணம் வந்தது. குண்டு போடப் பொம்மர் வந்தால் நாங்கள் ஓடி ஒளிக்கும் குழி அது. இங்கே சனம் சாப்பாடு கட்டிக்கொண்டு பார்க்க வருகுது. எனக்கு விளங்கவில்லை.

"சுவர் மூலையிலை இருந்து நாப்பது காலடி" என்று வாசித்தாய். "ஆரின்ரை காலடி, அப்பா? உங்கடையோ, என்ரையோ?"

"கடுதாசியிலை என்ன போட்டிருக்கு?"

"அது சொல்லேல்லை."

நான் நடந்து ஓடைக்கரையில் நின்றேன். நீ முள்ளுப்பற்றைக்குள் நின்றாய். சின்னவள், இருபதுக்குப் பிறகு முப்பத்தொன்று என்று எண்ணி, விழுந்து கிடந்த மரத்தடியில் போய் நின்று கத்தினாள். "அப்பா, பொக்ஸ்!"

இலைகளுக்குள் பச்சைச் சாப்பாட்டுப் பெட்டி, சுற்றி ஒட்டின கறுப்பு ரேப். நீ குனிந்து அதைத் தூக்கினாய்.

"தொடாதை! போடு! கீழை போடு!"

உங்கள் இரண்டு பேரையும் சேற்றுக்குள் தள்ளி மேலே படுத்தேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. ஒன்றும் வெடிக்கவில்லை. நாய் வந்து என் காதை நக்கியது. "ஆர் யூ ஓகே?" என்று கேட்டபடி கிழவர் இறங்கி வந்தார்.

சின்னவள் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். நீ அழுதாய். "இட்ஸ் ஜஸ்ட் எ புக், அப்பா!"

கிழவர் பெட்டியைத் திறந்து கொப்பியைக் காட்டினார். கொப்பிதான். நான் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகும், "மூடிப்போட்டு வாங்கோ, போவம்" என்றேன். ஏன் சொன்னேன்? இவ்வளவு காலம் யோசித்தும் பிடிபடவில்லை. நீ ஆமையை எறிந்துவிட்டு நடந்தாய். நான் அதைப் பொறுக்கிப் பொக்கற்றுக்குள் வைத்தேன். இடியப்பம் கட்டினபடியே வீட்டுக்கு வந்தது.

அடுத்த ஞாயிறு ஓவர்டைம் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். ரேப்பைக் கழற்றவே கனநேரம் எடுத்தது. மை கொண்டுபோக மறந்துவிட்டேன். நீலப் பேனையால் ஆமையைத் தீட்டிக் கொப்பியில் அழுத்தினேன். ஒரு கால் விழவில்லை. திரும்பத் தீட்டி, பக்கத்தில் இன்னொரு முறை அழுத்தினேன். நாலு காலும் விழுந்தது. பிறகு பெட்டியை மூடி, ரேப்பைச் சுற்றி, மரத்தடியில் வைத்து, மேலே இலைகளை அள்ளிப் போட்டேன்.