எல்லாம் புக்குல இருக்குது பாவா

எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "அந்த ஏ.ஐ. ஏதோ தப்பா சொல்லிடுச்சாமே?" பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவள் கேட்கிறாள். மருந்துக் கவுண்டரில் இருக்கிற பெண் கேட்கிறாள். சொந்தக்காரர்கள் போன் போட்டே கேட்கிறார்கள். இல்லை. அது ஒரு வார்த்தைகூடத் தப்பாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி. பழியை அதன் தலையில் போட்டுவிட்டு, நாலு பேரோடு சேர்ந்து நானும் திட்டிவிட்டு, சோறு சாப்பிட்டுத் தூங்கியிருப்பேன்.

நான் திருத்தணியில் ஒரு சுகர் கிளினிக்கில் நர்ஸ். டாக்டர் யாருக்காவது புதிதாக இன்சுலின் எழுதிக் கொடுத்தால் அவரை என் மேஜைக்கு அனுப்புவார். அரை மணி நேரம் எதிரே உட்காரவைத்து, ஊசியை எப்படிப் போட்டுக்கொள்வது, மருந்தை எங்கே வைப்பது, சுகர் ரொம்பக் குறைந்துபோனால் என்ன செய்வது என்றெல்லாம் சொல்லிக்கொடுப்பேன். சொல்லிக்கொடுப்பது என்று பேர்தான். பாதி நேரம் நான்தான் கேட்டுக்கொண்டிருப்பேன். அப்படிக் கேட்டதில்தான் தெரிந்தது, கனகம்மாசத்திரத்தில் டீக்கடை வைத்திருக்கும் அம்மா மருந்தைக் கூல் டிரிங்க்ஸ் பெட்டியில் ஐஸுக்கு அடியில் வைத்து உறையவிட்டுக் கெடுக்கிறாள் என்பது. மணவூரிலிருந்து வரும் ஒரு பெரியவர் வேட்டிமேலேயே குத்திக்கொள்கிறார் என்பதும் அப்படித்தான் தெரிந்தது. பெரியவருக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. "துணி சுத்தமாத்தான் இருக்குது" என்றார்.

இந்த ஊரில் கேட்டே ஆகவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "கிருத்திகை இருப்பீங்களா?" மாதத்துக்கு ஒரு நாள் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் மலையேறி, சாமி பார்த்து, கீழே இறங்கி வந்த பிறகுதான் வாயில் ஏதாவது போடுவார்கள். வெறும் வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொண்டு படியேறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால் "ஆங், இருப்போம்" என்றால் அந்த நாளுக்கு எவ்வளவு ஊசி என்று டாக்டரிடம் கேட்டு, மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்துவிடுவேன். யாரும் எனக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும் எங்கேயும் எழுதிவைக்கவில்லை. அது என் வாயிலேயே இருந்தது.

போன வருஷம் டாக்டரின் மருமகன் கிளினிக்கின் நிர்வாகத்தைப் பார்க்க வந்தார். நல்ல பையன், சுறுசுறுப்பு. ஒரு நாள் என் மேஜைக்கு வந்து, "சிஸ்டர், ஒரு பேஷண்டுக்கு அரை மணி நேரம்னா நாளைக்கு எத்தினி பேரப் பாப்பீங்க? தினமும் சொன்னதையே சொல்லிகினு இருக்கீங்க. எல்லாத்தையும் ஒரு புக்கா போட்டுட்டா முடிஞ்சிடுச்சு. ஏ.ஐ. எழுதிக் குடுத்துடும்" என்றார்.

நான் எதிர்த்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. எதிர்க்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது. பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போகிற வேலை. அதோடு, என் பெயர் போட்டு ஒரு புத்தகம் வரும் என்று அவர் சொன்னார். அந்த ஆசையையும் மறைப்பானேன்.

நான் ஏ.ஐ.யிடம் கேட்டது ரெண்டே வரி. இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களுக்கு எளிய தமிழில் ஒரு கையேடு வேண்டும், எட்டாவது படித்தவர்களுக்குப் புரிய வேண்டும். அவ்வளவுதான். எந்த ஊர், என்ன சாப்பிடுகிறவர்கள், எதற்காகச் சாப்பிடாமல் இருப்பவர்கள், எதையும் சொல்லவில்லை. தையல்காரரிடம் அளவு கொடுக்காமல் யாராவது ரவிக்கைத் துணியைக் கொடுப்பார்களா? நான் கொடுத்தேன்.

டீ ஆறுவதற்குள் எழுதிவிட்டது. என்னைவிட நல்ல தமிழ். எங்கே குத்துவது, எந்தக் கோணத்தில் குத்துவது, எத்தனை நாள் ஒரு ஊசியை வைத்துக்கொள்ளலாம், எல்லாம் வரிசையாக வந்து நின்றது. தப்பு கண்டுபிடிக்கலாம் என்று ரெண்டு தடவை படித்தேன். இருந்ததில் தப்பைத் தேடினேனே ஒழிய, இல்லாதது எது என்று யோசிக்கவில்லை. வழவழவென்று ஒரு பக்கம் கண்முன்னால் இருக்கும்போது அதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று மனசுக்குத் தோன்றுவதே இல்லை. என் கையெழுத்தில், அடித்தல் திருத்தலோடு இருந்திருந்தால் ஒருவேளை தோன்றியிருக்கும்.

ஒரு இடத்தில் அது இப்படி எழுதியிருந்தது: "ஊசியை நீங்களாக நிறுத்த வேண்டாம். சாப்பிட முடியாத நாட்களில் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். முன்கூட்டியே மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேளுங்கள்." மருமகன் அதைப் பார்த்து, "இவ்ளோ நீளமா இருந்தா யாரு படிப்பாங்க? ஷார்ட்டா போடுங்க" என்றார். நான்தான் சுருக்கினேன். "எந்த நாளும் ஊசியை நிறுத்தாதீர்கள்." சிவப்பு எழுத்தில், பெரிதாக. அந்தப் புத்தகத்தில் என் சொந்தக் கையால் எழுதின ஒரே வரி அதுதான்.

டாக்டரிடம் கொண்டுபோனேன். போனில் பேசிக்கொண்டே பக்கங்களைத் தள்ளினார். பின் அட்டையில் கிளினிக்கின் போன் நம்பர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். "ஆங், நல்லாருக்குது" என்று கையெழுத்துப் போட்டார். நான் எழுதினேன் என்று அவர் நம்பினார், அவர் பார்த்துவிட்டார் என்று நான் நம்பினேன், ரெண்டு பேரும் பார்த்திருப்பார்கள் என்று அச்சடித்தவன் நம்பினான். உண்மையில் பார்க்க வேண்டியதை ஒருத்தரும் பார்க்கவில்லை.

அதோடு என் அரை மணி நேரம் அஞ்சு நிமிஷம் ஆயிற்று. புத்தகத்தைக் கையில் கொடுப்பது, "படிச்சுப் பாருங்க" என்று சொல்வது. மிச்ச நேரத்தில் அதையே வீடியோவாக எடுக்கச் சொன்னார்கள். வட்ட விளக்கு ஒன்று வாங்கி வைத்தார்கள். அதன் முன்னால் உட்கார்ந்து சிரித்தபடி பேசுவேன். எதிரே ஆள் இல்லாமல் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். குறுக்கே யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

என் அக்காவை ஆர்.கே.பேட்டையில் கொடுத்திருக்கிறோம். அவள் வீட்டுக்காரர், என் பாவா, வீட்டிலேயே நாலு பவர்லூம் ஓட்டுகிறவர். சுகருக்கு வெகுநாளாக மாத்திரை சாப்பிட்டு வந்தார். கிருத்திகைக்கு மாத்திரை போடமாட்டார், அவராகவே விட்டுவிடுவார். அது அவர் கணக்கு. சரியோ தப்போ, அந்தக் கணக்கில் ஒரு மாதமும் அவர் மயங்கி விழுந்ததில்லை.

அவருக்கும் டாக்டர் இன்சுலின் எழுதினார். அன்றைக்கு நான் வீடியோவில் இருந்தேன். சொந்தக்காரர்தானே, பின்னால் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று புத்தகத்தை மட்டும் ஆள் மூலம் கொடுத்தனுப்பினேன். அவர் புத்தகத்தோடு கதவண்டை வந்து நின்றார்.

"பாப்பா, ஒண்ணு கேக்கணும்."

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மருமகன் கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எல்லாம் புக்குல இருக்குது பாவா. வூட்டுக்குப் போயி படிச்சுப் பாருங்க" என்றேன்.

"ஆங், செரி" என்று புத்தகத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போனார். போகிற வழியில் டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் அதைக் காட்டி, "எங்க மச்சினி எழுதுனது" என்று சொல்லிக்கொண்டே போனாராம். இதையும் அக்காதான் பின்னால் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அடுத்த கிருத்திகை காலையில் கிளினிக்குக்கு ஒரு போன் வந்தது. நான்தான் எடுத்தேன். மலைப்படியில் கற்பூரம் விற்கிற பெண். "இங்க ஒர்த்தரு படியில படுத்துகினு இருக்காருங்க. எழுப்பினா எழல. பையில உங்க புக்கு இருந்துச்சு, நம்பரப் பாத்து பண்றேன்." டாக்டர் சரிபார்த்த நம்பர்.

"வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு, ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, ஒரு ஆட்டோ பிடித்து ஓடினேன். யாரோ ஒரு நோயாளி என்றுதான் போனேன். பத்துப் படி கீழே இருந்தே மஞ்சள் பை தெரிந்தது. அப்போதும், ஊரில் எத்தனை மஞ்சள் பை என்று மனசு சொல்லிக்கொண்டது.

அவர் ரொம்ப நேரமாக அங்கே இருந்திருக்கிறார். முதலில் உடம்பு நடுங்கியிருக்கிறது. வேர்த்துக் கொட்டியிருக்கிறது. என்னென்னவோ உளறியிருக்கிறார். சாமி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு சுற்றி நின்றவர்கள் அரோகரா போட்டிருக்கிறார்கள். நெற்றி நிறைய விபூதி பூசி, அவர் சாய்ந்ததும் சாமி மலையேறிவிட்டது, கொஞ்சம் படுக்கட்டும் என்று நிழலில் கிடத்தியிருக்கிறார்கள். அவர்களை நான் என்ன சொல்ல? நடுக்கம், வியர்வை, உளறல், மூன்றும் ஆபத்தின் அறிகுறி என்று அழகான தமிழில் படத்தோடு போட்டிருந்தது. அது அவர் பைக்குள் இருந்தது.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துக் கண் விழிக்கவைத்தார்கள். சுகர் இல்லாமல் மூளை ரொம்ப நேரம் பட்டினி கிடந்துவிட்டது, பழைய ஆளாகத் திரும்புவது கஷ்டம் என்று சொன்னார்கள்.

அக்கா என்னை வராண்டாவுக்குக் கூப்பிட்டாள். அவள் அழவில்லை. "கிருத்திகைக்கு ஊசி போட்டுக்கலாமான்னு உன்னக் கேக்கத்தான் அன்னிக்கு நின்னாரு. நீ புக்குல இருக்குதுன்னியாம். வந்து ரெண்டு வாட்டி முழுசா படிச்சாரு. செவப்புல போட்டிருந்தத எனக்கும் படிச்சுக் காட்டினாரு. எந்த நாளும் நிறுத்தக்கூடாதாம், பாப்பா எழுதியிருக்கா பாருன்னாரு."

"சாப்பாட்டத் தவிர்க்காதீங்கன்னும் போட்டிருந்துச்சே அக்கா" என்றேன். இப்போது நினைத்தாலும் என் நாக்கை அறுத்துப்போடலாம் போலிருக்கிறது.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அது சாப்பாடு. இது வெரதம். உனக்குத் தெரியாது?"

தெரியும். எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும். கிருத்திகை இருக்கிறவன் சாப்பாட்டைத் தவிர்க்கிறதாக நினைப்பதே இல்லை. இதெல்லாம் தெரிந்த ஒருத்தியைத்தான் அந்த மேஜையிலிருந்து எழுப்பி விளக்கின் முன்னால் உட்காரவைத்தார்கள். நானும் புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன். அந்தப் புத்தகத்தை வாங்கிப்போனவர்களில் பாதிப் பேர் அதைப் புரட்டியும் பார்க்கவில்லை, கிருத்திகைக்குப் பழையபடி ஊசியை விட்டுவிட்டு மலையேறி வந்தார்கள். படிக்காதவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். ஒரு எழுத்து விடாமல் படித்து அதன்படி நடந்தவர் என் பாவா ஒருத்தர்தான்.

கிளினிக்கில் எல்லாரும் ஏ.ஐ.யைத் திட்டினார்கள். "மெஷின நம்பினா இப்பிடித்தான்" என்று டாக்டரே சொன்னார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். நான் மட்டும் ஒரு மத்தியானம் ஏ.ஐ.யோடு நடந்த பழைய பேச்சைத் திறந்து மேலே போய்ப் பார்த்தேன். கையேடு முடிகிற இடத்தில், நான் நகல் எடுக்கும்போது விட்டுவிட்ட ரெண்டு வரி இருந்தது. உங்கள் நோயாளிகளின் உணவுப் பழக்கம், விரத நாட்கள், திருவிழாக்கள் பற்றிச் சொன்னால் அவற்றுக்கான குறிப்புகளையும் சேர்த்துத் தருகிறேன், சேர்க்கட்டுமா என்று கேட்டிருந்தது. கடைசியில் அது எப்போதும் இப்படி ஏதாவது கேட்கும், மரியாதைக்குக் கேட்கிறது என்று நினைத்து நான் படிப்பதே இல்லை. அதுவும் கேட்டிருக்கிறது, பாவாவும் கேட்டிருக்கிறார். ரெண்டு பேருக்கும் நான் பதில் சொல்லவில்லை.

மருமகன் அசரவில்லை. "விரதத்துக்கு ஒரு பக்கம் சேத்துட்டாப் போச்சு சிஸ்டர்" என்றார். அவரே ஏ.ஐ.யிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். விடியுமுன் எழுந்து மெதுவாகச் செரிக்கும் உணவை உண்ணுங்கள், விரதம் முடிக்கும்போது பேரீச்சம்பழம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இருந்தது. வேறு யாருடைய நோன்புக்கோ அது சரியாக இருக்கலாம். கிருத்திகைக்கு விடியுமுன் எழுந்து சாப்பிடுகிறவனை நான் இந்தச் சீமையில் பார்த்ததில்லை. அப்படியே அச்சுக்கு அனுப்பப் பார்த்தார். பிடுங்கி வைத்துக்கொண்டேன். வட்ட விளக்கைத் தூக்கி ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டு, என் நாற்காலியை மேஜைக்குப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். யாரும் தடுக்கவில்லை. கண் கெட்ட பிறகு நான் செய்கிற சூரிய நமஸ்காரம் என்று அவர்களுக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்.கே.பேட்டைக்குப் போகிறேன். தறியை இப்போது அக்காதான் ஓட்டுகிறாள். பாவா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். என்னை அடையாளம் தெரிகிறது. ஆனால் எதுவும் மனசில் நிற்பதில்லை. என்னைப் பார்த்ததும் முகம் மலரும்.

"பாப்பா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க பாவா."

"கிருத்திகைக்கு ஊசி போட்டுக்கலாமா?"

அரை மணி நேரம் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்கிறேன். இனிமே வெரதம் வேணாம் பாவா, சாமிக்குத் தெரியும், வெறும் வயித்துல போட்டா மயக்கம் வரும், மொதல்ல டாக்டர கேக்கணும். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொள்வார். "ஆங், செரி" என்பார். அக்கா கொடுத்த டீயை நான் குடித்து முடிப்பதற்குள் மறுபடி திரும்பிப் பார்ப்பார். "பாப்பா, ஒண்ணு கேக்கணும்."

போன வாரம் ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ கேட்டபோது எனக்குச் சொல்லி மாளவில்லை. காதில் விழாத மாதிரி செல்லை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தறி நின்றது. அக்கா நூலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்குறாரு இல்ல," என்றாள். "சொல்லு."

செல்லைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து சொன்னேன். சொல்லி முடிக்கிற வரைக்கும் அவள் தறியைப் போடவில்லை.