லாத்தாவின் கற்றாழைத் தோட்டம்

லாத்தாவின் கைப்பேசியில் நான் முதன்முதலாகப் பார்த்தது ஒரு கிழவியின் முழங்காலைத்தான். அதன் பக்கத்தில் சாம்பல் பூத்த பச்சையில் ஒரு கற்றாழை. எங்கள் ஊர் ரயில் பாதையோரம் வேலிக்கு நிற்குமே ஆனைக் கற்றாழை, அந்த இனம். வெள்ளிக்கிழமைதோறும் நான் சாயங்காலம் அஸர் தொழுது முடிக்கும் நேரத்தில் லாத்தாவின் நாட்டில் அப்போதுதான் விடிந்திருக்கும். அவருடைய அம்மா கைப்பேசியோடு தோட்டத்துக்குள் இறங்கி, ஒரு செடியோரம் நின்று, அது தன் உடம்பில் எதுவரை வந்திருக்கிறது என்று காட்டுவார். மகள் பார்த்து முடித்ததும் என்னையும் கூப்பிட்டுக் கையசைப்பார்.

அவர் மெக்சிகோக்காரர். எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரியை லாத்தா என்போம். அவரையும் அப்படியே கூப்பிட்டுவிட்டேன். பதிலுக்கு அவர் என்னைத் தங்கச்சி என்றார். வளைகுடாவில், ராஸ் அல் கைமாவில் ஒரு கடற்கரை ஹோட்டலில் எனக்கு லினன் ரூமில் வேலை, அவருக்கு பாரில். தங்கியிருந்தது ஒரே ரூம். அரைகுறை இங்கிலீஷிலும் கொஞ்சம் இந்தியிலும்தான் பேசிக்கொண்டோம். அவர் சொன்னவற்றை என் தமிழில்தான் இங்கே எழுத முடிகிறது. வந்த முதல் நாளே நான் தொழுவதைப் பார்த்துவிட்டார். அதன் பிறகு பாரில் போட்ட யூனிஃபார்மை அவர் ஒருநாள்கூட ரூமுக்குள் கொண்டுவந்ததில்லை. கதவுக்கு வெளியிலேயே பையில் கட்டி வைத்துவிடுவார்.

சாராயம் காய்ச்சுகிற வீட்டுப் பெண் என்று கேட்டபோது எனக்குள் ஒரு கூச்சம் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அவர் தன் அம்மாவைப் பற்றிச் சொல்லச் சொல்ல அது கரைந்துவிட்டது. கற்றாழையின் மடலையெல்லாம் சீவிவிட்டால் நடுவில் ராட்சத அன்னாசிப்பழம் போல ஒரு கிழங்கு மிஞ்சும். குழிவெட்டி, கல்லைச் சூடாக்கி, கிழங்கை அடுக்கி, மண்போட்டு மூடி நாள்கணக்கில் வேகவைப்பார்கள். பிறகு மரச்சம்மட்டியால் நசுக்கிப் புளிக்கவைத்து, மண்பானையில் காய்ச்சி இறக்குவார்கள். அப்பா செத்த பிறகு சம்மட்டி பிடித்ததும் அடுப்பைக் காத்ததும் அம்மாவும் மகளும்தான். இறக்கியதைச் சுரைக்குடுவையில் ஊற்றி, மேலே நிற்கும் நுரைமுத்துகளைப் பார்த்தே காரம் சரியா இல்லையா என்று அம்மா சொல்லிவிடுவாராம். ஆனால் நிலம் அண்ணன் பேரில் இருந்தது. போத்தலில் ஒட்டுகிற சீட்டிலும் அண்ணன் பேர்தான்.

அந்தச் செடி முற்ற எட்டு வருஷம் ஆகும். தோட்டம் முழுக்க அம்மாவும் தானுமாக நட்டுவிட்டு, அது முற்றுகிற வரைக்கும் வீடு நடக்க வேண்டுமே என்றுதான் லாத்தா விமானம் ஏறியிருந்தார்.

செடி இடுப்புக்கு வந்த வருஷம் அவருடைய காண்ட்ராக்ட் முடிந்தது. அம்மா போனில் கால் வலிக்கிறது, போதும் வா என்று சொல்லிக்கொண்டிருந்தார். லாத்தா போகத்தான் நினைத்தார். என்னிடம் கேட்டார். நான் வேண்டாமென்றேன். செடி முற்ற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, அதுவரை அங்கே போய் என்ன செய்வீர்கள், இன்னொரு காண்ட்ராக்ட் போட்டால் முற்றுகிற நேரத்துக்குச் சரியாக இருக்கும் என்றெல்லாம் விவரமாகப் பேசினேன். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. உண்மையில் எனக்குப் பயம். கணவர் மவுத்தான பிறகு, மகளை என் உம்மாவிடம் விட்டுவிட்டு இங்கே வந்தவள் நான். லாத்தா இல்லாத அந்த ரூமை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவர் கையெழுத்துப் போட்டார்.

சில மாதம் கழித்து வெள்ளிக்கிழமைகளில் அம்மாவின் போனை அண்ணன் எடுக்க ஆரம்பித்தார். அம்மா தூங்குகிறாள் என்பார், கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்பார். பிறகு பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி ஒரு படம் அனுப்பினாள். லினன் ரூமில் நான் மேசைவிரிப்பு எண்ணிக்கொண்டிருந்தபோது லாத்தா வந்து அதை என் கையில் கொடுத்தார். வெறும் குழிகள். செடிக்கு நல்ல விலை வந்த நேரம் பார்த்து, முற்றாததையெல்லாம் அண்ணன் ஏதோ ஒரு கம்பெனிக்கு விற்றிருந்தார். லாரிகள் வந்து அள்ளிப்போயிருந்தன. தடுக்கப் போன அம்மா தோட்டத்திலேயே விழுந்திருக்கிறார். அன்றைக்குப் படுத்தவர்தான், எழுந்திருக்கவில்லை. மகளிடம் சொல்ல வேண்டாம், அவள் தூரத்தில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டாராம்.

லீவு கிடைத்து, மூன்று விமானம் மாறி லாத்தா ஊர் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் அடக்கம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

இருபதாம் நாள் திரும்பி வந்துவிட்டார். அங்கே இருக்க இடமில்லை என்று மட்டும் சொன்னார். அந்த வாரம் பாரில் விருந்தாளிகளுக்கு அவருடைய நாட்டுச் சாராயத்தை ருசிகாட்டும் நிகழ்ச்சி. பூவேலை செய்த சட்டையைப் போட்டு அவரை நிறுத்தியிருந்தார்கள். நான் நாப்கின் கொண்டுபோயிருந்தேன். யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று ஒருவர் கேட்டார். எங்கள் ஊரின் புகழ்பெற்ற ஆசான்களிடம் என்று சொல்லும்படி மேனேஜர் பழக்கியிருந்தார். லாத்தா தன் அம்மாவின் பேரை முழுதாகச் சொன்னார். போன மாதம் இறந்துவிட்டார் என்றார். அடுத்த கிண்ணத்தில் ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

மறுநாள் டூட்டிக்குப் போகுமுன் அவர் தலை சீவிக்கொண்டிருந்தபோது நான் சொல்லிவிட்டேன்.

"லாத்தா, நான்தான் ஒங்கள நிக்கச் சொன்னேன். ஒங்க நன்மைக்குச் சொல்லல. எனக்காவத்தான் சொன்னேன்."

அவர் சீப்பை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"தெரியும் தங்கச்சி, அப்பவே தெரியும். எனக்கும் போக மனசில்ல. இந்த ரூம்ல என்னைய யாரும் வேலை ஏவாம, ஒரு கட்டில், ஒரு அலமாரி, எனக்குன்னு இருந்துச்சு. நீ சொன்னது எனக்கு வசதியாப் போச்சு. அம்மாகிட்ட ஒம் பேரச் சொல்லித்தான் நிக்கிறேன்னு சொன்னேன்."

"உம்மா என்ன சொன்னாங்க?"

"ஒன்னையும் கூட்டிக்கிட்டு வரச் சொன்னா."

அந்தக் காண்ட்ராக்ட் முடிந்ததும் பஹ்ரைனில் வேறொரு ஹோட்டலுக்குப் போய்விட்டார். கம்பெனி வேன் வந்து நின்றபோது என்னைக் கட்டிக்கொண்டு, சாப்பாட்டை விட்டுவிடாதே என்றார். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். இத்தனை வருஷத்தில் நான் எதிர்பார்த்திருந்தது அது ஒன்றைத்தான். அவர் கடைசிவரை அதை எனக்குத் தரவே இல்லை.