முழுப் பொறுப்பு என்று தட்டிய கடிதம்

புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷனில், புடவைக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருக்கிறது எங்கள் வரிப் படிவ அலுவலகம். அங்கே சேர்ந்த முதல் வருடமே ஒரு தாயின் பிள்ளைக்காசுக்கு நான் வினை வைத்தேன். அரசாங்கம் பிள்ளையுள்ள குடும்பங்களுக்கு மாதாமாதம் தரும் சைல்ட் பெனிஃபிட்டைத்தான் எங்கள் ஆட்கள் அப்படிச் சொல்வார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் அதே பிழையை விடக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

வதனி வந்தது ஒரு பனி நாளில். கையில் அரசாங்க வரி அலுவலகத்தின் கடிதம். இரண்டு வயது மகள் தன்னோடு வசிக்கிறாள், பராமரிப்பது தான்தான் என்பதற்கு அவள் ஆதாரம் அனுப்ப வேண்டும். அதுவரை காசு நிற்கும்.

"என்ரை பேரிலை ஒரு பேப்பரும் இல்லை அக்கா. வீடு அத்தான்ரை பேரிலை. கரண்ட் பில்லும் அவரின்ரை பேரிலைதான்."

அத்தான் என்றது கணவனின் அண்ணனை. கணவன் விடியமுன் புவாண்ட்-கிளேரில் இருக்கும் வேர்ஹவுஸுக்கு வேலைக்குப் போய்விடுவான்.

"அப்ப அத்தானைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நீங்கள் அவரோடை இருக்கிறியள் எண்டு ஒரு கடிதம் தரட்டும்."

அத்தான் மறுநாளே வந்தார், அயன் பண்ணின சேர்ட்டோடு. அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்டினேன்.

"எழுதுங்கோ பிள்ளை. தம்பி குடும்பம் நாலு வருசமா என்ரை வீட்டிலை. வாடகையெண்டு ஒரு சதம் வாங்கேல்லை. சாப்பாடு, உடுப்பு, அந்தக் குஞ்சு, எல்லாம் என்ரை முழுப் பொறுப்பு."

'முழுப் பொறுப்பு' என்ற இடத்தில் என் விரல் நின்றது. வயதில் மூத்தவர், பெருமையோடு சொல்கிறார். திருத்தினால் மனம் நோவாரோ? அவர் சொன்னதை மாற்ற நான் யார்? நின்ற விரல் மறுபடி தட்டியது.

சில வாரங்களில் பதில் வந்தது. பிள்ளையின் பொறுப்பு வேறொருவரிடம் இருப்பதாகக் கடிதம் சொல்கிறது, தாய்தான் பராமரிக்கிறார் என்பதற்கு ஆதாரம் போதாது என்று.

முதலாளி கடிதத்தை மேசையில் போட்டார். "அனுப்ப முதல் வாசிச்சனீரோ?"

"ஓம்."

"விளங்கினதோ?"

"ஓம்."

"பேந்து ஏன் அனுப்பினனீர்?"

அன்று மத்தியானச் சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

வதனி என்னை ஏசவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "பிள்ளையைப் பகலிலை விடுற கார்டெரிக்குப் போன மாசம் காசு கட்டேல்லை அக்கா. அந்த இடம் போனால் என்ரை பிரெஞ்சு வகுப்பையும் விட்டிட்டுப் பிள்ளையோடை வீட்டிலை இருக்கவேணும்."

அப்போதுதான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். "பிள்ளையைக் கார்டெரிக்கு ஆர் கூட்டிக்கொண்டு போறது?"

"நான்தான்."

"காய்ச்சல் எண்டால்?"

"எனக்குத்தான் ஃபோன் வரும். வேற ஆருக்கு வரும்?"

கார்டெரிப் பொறுப்பாளர் பிள்ளையின் வரவுப் பதிவுத் தாள்களைப் பிரதி எடுத்து, ஒரு கடிதமும் தந்தார். பிள்ளையை விடும்போது ஒன்று, கூட்டிப்போகும்போது ஒன்று என்று தாள் முழுக்கத் தமிழில் 'வதனி'. ஓரிடத்தில் பனி ஈரம் பட்டு மை கலங்கியிருந்தது. தன் பேரில் ஒரு பேப்பரும் இல்லை என்றவள் தினமும் இரண்டு தரம் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

அத்தானின் கடிதத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. வதனியோடும் பிள்ளையோடும் வந்திருந்த அவருக்கு அதைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப நான் பாக்கேல்லையோ? நல்லதுக்குத்தானே சொன்னனான்?"

வதனி மெல்லச் சொன்னாள். "அத்தான், நீங்கள் எங்களைப் பாக்கிறியள். நான் இவளைப் பாக்கிறன்."

அவர் தன் மடியில் இருந்த பிள்ளையின் தொப்பிக் கயிற்றைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவள் சொன்னதை அப்பிடியே எழுதுங்கோ பிள்ளை."

எழுதினேன். இந்தத் தடவை திரும்ப வாசித்துக் காட்டி, இருவரும் தலையாட்டிய பிறகுதான் அனுப்பினேன். நின்ற மாதங்களுக்கும் சேர்த்துக் காசு வந்தது. வதனி வகுப்பை விடவில்லை.

இன்றும் எந்தக் கடிதத்தையும் மூன்று தரம் வாசிக்காமல் அனுப்ப எனக்குத் தைரியம் வராது. ஆனால் ஒரு தாய் வந்து உட்கார்ந்தால், வீட்டுப் பத்திரம் யார் பேரில் என்று முதலில் கேட்பதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஃபோன் யாருக்கு வரும் என்று கேட்கிறேன்.